செம்பூர் வீட்டிலிருந்து நட்சத்திரத்துக்கு விழுந்த ஓட்டுகள்

ஒரு புள்ளியைப் பார்த்து, இது நட்சத்திரம்தான் என்று எப்போது உறுதியாகச் சொல்லலாம்? ஒரு வருடத்துக்கு மேலாக இந்த வேலையைச் செய்கிறேன். எனக்கு இன்னும் பதில் தெரியாது.

வேலை என்றால் சம்பள வேலை இல்லை. பெரிய தொலைநோக்கிகள் வானத்தைத் துண்டு துண்டாகப் படம் எடுத்துத் தள்ளுகின்றன. அத்தனையையும் உட்கார்ந்து பார்க்க வானியலாளர்களிடம் ஆள் இல்லை. அதனால் இணையத்தில் போட்டு, விருப்பம் உள்ளவர்கள் பார்த்துச் சொல்லுங்கள் என்கிறார்கள். படத்தின் நடுவில் ஒரு புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டிருக்கும். கீழே நான்கு பொத்தான்கள்: நட்சத்திரம், கேலக்ஸி, படத்தில் விழுந்த குறை, தெரியவில்லை. புள்ளி கூர்மையாக இருந்தால் நட்சத்திரம். பஞ்சு போல ஓரம் கலைந்திருந்தால் கேலக்ஸி. கோடு இழுத்திருந்தால் ஏதோ செயற்கைக்கோள் குறுக்கே போயிருக்கிறது, அது குறை.

மகள் பிறந்தபின் அலுவலகத்தை விட்டுவிட்டேன். மதியம் அவள் தூங்கும் நேரம் மட்டும்தான் எனக்கு. அந்த நேரத்தில் யாருடைய மனைவியாகவும் அம்மாவாகவும் இல்லாமல் நான் செய்கிற ஒரே காரியம் இதுதான். ஆனால் நான் கேஸை மூடினேனா என்று படியிறங்கிய பிறகு திரும்பி ஏறி வந்து பார்க்கிற ஆள். ஒரு நட்சத்திரத்தைக் கேலக்ஸி என்று அழுத்திவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்து, உதவிப் பக்கத்தை மறுபடி படித்து, போன் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்து முடிப்பதற்குள் மகள் எழுந்துவிடுவாள். ‘தெரியவில்லை’ பொத்தானை நான் தொட்டதே இல்லை. தெரியாவிட்டாலும் ஏதாவது எழுதிவிட்டு வா, பேப்பரை வெறுமையாகக் கொடுக்காதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான்.

“நீ தப்பாச் சொன்னா அந்த நட்சத்திரம் என்ன, ரிசைன் பண்ணிட்டுப் போயிடுமா?” என்பார் கணவர்.

என் மாமியாருக்குச் சந்தேகம் என்பதே கிடையாது. தாராவியில் கடை வைத்து, கணவரை இழந்து, பிள்ளைகளை ஆளாக்கியவர். பேத்தியைப் பார்த்துக்கொள்ள எங்களோடு செம்பூருக்கு வந்தவர். ஒரு மதியம் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“என்னட்டி அது, கொசுவா?”

“நட்சத்திரமா கேலக்ஸியான்னு பாக்கறேன் அத்தை.”

“நட்சத்திரம்னே போடு. பாவம், அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்கு.”

“அப்படிப் பாவம் பாத்துப் போடக் கூடாது அத்தை.”

“சரி, நீ போட்டா அவன் ஒத்துக்கிடுவானா?”

“நான் மட்டும் இல்ல. ஒரே படத்தைப் பல பேருக்குக் காட்டுவாங்க. அதிகம் பேர் என்ன சொல்றாங்களோ அதை எடுத்துப்பாங்க.”

அத்தையின் முகம் தெளிந்தது. “அப்போ ஓட்டுன்னு சொல்லு.”

“ஓட்டு மாதிரி” என்றேன். அந்த ‘மாதிரி’ அவர் காதில் ஏறவே இல்லை.

செவ்வாய்க்கிழமைதோறும் எங்கள் வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். தாராவி, ஆண்டாப் ஹில், சுனாபட்டி என்று அத்தையின் பழைய சபைத் தோழிகள் பஸ் பிடித்து வருவார்கள். ஜெபம் முடிந்து அறிவிப்புகள் சொல்லும் நேரம். நான் சமையலறையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தேன்.

“நம்ம மருமவ வானத்துல வேலை பாக்கா” என்று அத்தையின் குரல் கேட்டது. “அங்க ஆள் பத்தலியாம். எல்லாரும் போனை எடுங்க.”

ஆண்டாப் ஹில் அக்கா தேர்தல் வந்தால் வீடு வீடாகப் போய் ஆள் திரட்டுகிறவர். அவர்தான் முதலில் கேட்டார். “எங்க சால் குடியிருப்புல மட்டும் முப்பது ஓட்டு தேறும். சின்னம் என்ன?”

“நட்சத்திரம்” என்றார் அத்தை.

“நல்ல சின்னம்.”

நான் டீத் தட்டோடு ஓடி வந்தேன். “அக்கா, அப்படி இல்ல. ஒவ்வொண்ணையும் பாத்து, உங்களுக்கு என்ன தோணுதோ...”

“புரிஞ்சுது, புரிஞ்சுது. பூத்துக்குள்ள போயி யோசிச்சிட்டு நிக்கக் கூடாது. அதானே?”

அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஜெபக்கூட்டத்தில் நான் எப்போதும் டீ கொண்டுவரும் ஆள். அன்றுதான் முதல் தடவையாக எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவருக்கும் கணக்குத் திறந்து கொடுத்தேன். எங்கள் வீட்டு வைஃபையையும் கொடுத்தேன். எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. வேறு வேறு வைத்தால் யார் ஞாபகம் வைத்துக்கொள்வது?

அறை முழுக்க டொக் டொக்கென்று நட்சத்திரங்கள் விழுந்தன. சுனாபட்டியிலிருந்து வரும் சித்தி ஒருவர் திடீரென்று எழுந்து நின்றுவிட்டார்.

“ஏ, இங்க பாருங்க, வால் நட்சத்திரம்! இயேசு பொறந்தப்ப சாஸ்திரிமார் பாத்தது இப்படித்தான் இருந்திருக்கும்!”

செயற்கைக்கோள் இழுத்த கோடு அது. அவர் மருமகள் எட்டிப் பார்த்து, “அரே, ஏ தோ அப்னா ஸ்டார் ஹை மம்மி, தபாவ் தபாவ்!” என்றாள், நம்ம நட்சத்திரம்தான், அழுத்துங்க என்று. அழுத்திவிட்டார்கள். டிசம்பர் வந்தால் வாசலில் காகித நட்சத்திரம் கட்டுகிறவர்கள். நட்சத்திரம் இல்லை என்று அழுத்த அவர்களுக்கு எப்படிக் கை வரும்?

அடுத்தடுத்த செவ்வாய்க்கிழமைகளிலும் இது தொடர்ந்தது. பிறகு திட்டத்தின் பொதுப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. ஒரே இணைப்பிலிருந்து பல புதிய கணக்குகள் எல்லாப் படத்தையும் நட்சத்திரம் என்கின்றன. விடை முன்பே தெரிந்த சோதனைப் படங்களையும் அப்படியே சொல்கின்றன. இது ஏதோ கணினி நிரல் செய்கிற வேலையாக இருக்கலாம். அந்த இணைப்பிலிருந்து வந்த எல்லாப் பதில்களையும் ஒதுக்கி வைக்க யோசிக்கிறோம். இவ்வளவுதான் செய்தி.

எல்லாப் பதில்களையும் என்றால், என்னுடையதையும். வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்த ஒரு வருட மதியங்களை.

பல முறை எழுதி அழித்து, கடைசியில் அவர்களுக்கு எழுதினேன். அது நிரல் இல்லை, என் மாமியார் என்றேன். மறுநாளே பதில் வந்தது. மிகவும் அன்பான பதில். நிரல் என்று நினைத்ததற்கு உங்கள் மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். உங்கள் கணக்கு எது என்று தெரிந்துவிட்டதால் இதுவரை நீங்கள் செய்ததைக் காப்பாற்றிவிடலாம். நிதானமாகப் பார்க்கிறீர்கள், எங்களுக்கு உதவியாக இருக்கிறது. ஆனால் அடுத்த மாதம் புதிய படங்கள் வருகின்றன. உங்கள் தோழிகள் பயிற்சிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, ஒருவரை ஒருவர் கேட்காமல், தாங்கள் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். முடியாவிட்டால் நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டும் நடக்காவிட்டால், வருத்தத்தோடு அந்த இணைப்பையே மூட வேண்டியிருக்கும்.

‘உதவியாக இருக்கிறது’ என்ற வரியை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை சொல்லிவிடுவதென்று தீர்மானித்து, டீயில் இஞ்சி கூடுதலாகத் தட்டிப் போட்டேன். ஜெபம் முடியட்டும் என்று காத்திருந்தேன். ஆண்டாப் ஹில் அக்கா கண்ணை மூடி ஜெபித்தார்: “எழுதப் படிக்க வராத எங்க கையிலயும் உம்முடைய நட்சத்திரங்களைக் கொடுத்தீரே, ஸ்தோத்திரம்.” எல்லோரும் ஆமென் என்றார்கள். நானும் ஆமென் என்றேன். வேறு என்ன சொல்வது?

முடிந்ததும் அத்தை, “அடுத்த வாரம் அம்பர்நாத் சபையில இருந்தும் வாராங்க. போன் சார்ஜரை எல்லாம் எடுத்து வையி” என்றார்.

இதைப் படிக்கிறவர்களில் மாமியாரோடு இருக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள். என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது முழங்காலில் நின்று ஜெபித்த பெண்களிடம், நீங்கள் அழுத்தியது எதுவும் கணக்கில் இல்லை என்பதை எந்த வார்த்தையில் சொல்வது? டீக்கு முன்பா, பின்பா? ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருக்க அவர்களைப் பழக்க முடியுமா? கணவரை விட்டுச் சொல்லச் சொல் என்று மட்டும் எழுதாதீர்கள். அனுப்பிப் பார்த்துவிட்டேன். போனவர், தானும் ஒரு கணக்குத் திறந்துகொண்டு வந்தார்.