வெந்துச்சா என்று கேட்கக் கூடாது

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு சலாம் போட்டவன் நான். ஆனால் படித்தவர்களும் நம்புகிற மூடநம்பிக்கை ஒன்றை உண்டாக்கியவன் என்று சொல்லிக்கொள்ள எத்தனை பேரால் முடியும்? பூந்தமல்லி, ஆவடிப் பக்கம் கல்யாண பிரியாணி தம்மில் இருக்கும்போது யாரும் "வெந்துச்சா?" என்று கேட்க மாட்டார்கள். கேட்டால் சோறு குழைந்துவிடுமாம். கேட்டவர், தம் உடைக்கிறவரை மண்டபத்தின் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். அதுதான் பரிகாரம். இரண்டும் என் சரக்கு.

பிரியாணி மாஸ்டராகத் தொழில் ஆரம்பித்த புதிதில் கல்யாண வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு தடவை வந்து அண்டா மூடியைத் தூக்கிப் பார்ப்பார்கள். "ஆவி போயிட்டா அரிசி வேகாதுங்க" என்று தொண்டை வற்றச் சொன்னேன். ஒருவரும் மதிக்கவில்லை. "வெந்துச்சான்னு கேட்டாலே ஆகாது" என்றேன். அன்றோடு யாரும் அடுப்படிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. காரணத்தைச் சொன்னால் நம் ஜனம் எதிர்க்கேள்வி கேட்கும். சொல்லாவிட்டால் தலையாட்டும்.

போன வருடம் கரையான்சாவடி மண்டபத்தில் என் மகளுக்கு நிக்காஹ். ஐந்நூறு பேருக்குத் தம் போட்டாயிற்று. மாப்பிள்ளையின் அப்பா வெளியூர்க்காரர். அடுப்படிக்கு வந்து ஆசையாகக் கேட்டார்.

"என்ன சம்பந்தி, வெந்துச்சா?"

என்னிடம் வேலை கற்ற மாஸ்டர் கரண்டியைக் கீழே போட்டான். "இன்னா பாய், இப்டி கேட்டுட்டாரு! வெளிய இட்டுகினு போங்க!"

சம்பந்தியைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தினால் மகள் அந்த வீட்டில் எப்படி வாழ்வாள்? வேறு வழியில்லாமல் உண்மையை உடைத்தேன். "டேய், அது நான் கட்டிவுட்ட கதைடா."

"சம்பந்திய காப்பாத்த பொய் சொல்றீங்களே பாய், நாயமா? ஐந்நூறு பேரு துண்ணணும்."

சம்பந்தியின் முகம் வெளுத்தது. கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவாரோ என்று பயந்தேன்.

"எதுக்கு வம்பு? நான் நிக்கிறேன்" என்று அவரே விடுவிடுவென்று நடந்தார்.

புதுச் சட்டையும் அத்தர் மணமுமாய் மனுஷன் வெயிலில் தனியாக நிற்பதா? நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். நல்லவேளை, நாங்கள் வரவேற்க நிற்கிறோம் என்று நினைத்து வந்தவர்களெல்லாம் கை கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அரை மணி கழித்து மாஸ்டர் ஓடிவந்தான். "பாய், சோறு பூவாட்டம் கீது!"

அன்று என் கைப்பக்குவத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பந்தி முழுக்கச் சம்பந்திதான் சொல்லிக்கொண்டு போனார்: "நல்லா சாப்பிடுங்க, நான் வெயில்ல நின்னு வேகவச்சது."

என் மகளிடமும் போய் அதையே சொன்னார். அவள் முக்காட்டுக்குள் சிரித்தாள். "அதான் மாமா, இவ்ளோ ருசி!"

பெற்றவன் நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.