கரையில் நின்று துண்டு வீசிய ஜாபர் பாய்

ஜாபர் பாய் போய்விட்டார்.

காலையில் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் அவர் போட்டோ மட்டும் தனியாக... இப்போதெல்லாம் யார் போட்டோ அப்படி வந்தாலும் பக்கென்கிறது. ஹார்ட் அட்டாக்காம்.

போத்தனூரில் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு இப்போதுதான் வந்தேன். ரொம்ப அசதியாக இருக்கிறது. ஆனால் ஒன்றை எழுதியே ஆகவேண்டும்.

எங்கள் பம்ப் கம்பெனி டூருக்கு வருஷா வருஷம் அவர் வேன்தான், அவர்தான் டிரைவர். பெரும்பாலும் சாவக்காடு பீச். நமக்குக் கடல் என்றால் பாலக்காடு தாண்டித்தானே.

வேன் நின்றதும் யாரையும் இறங்க விடமாட்டார். அவர் மட்டும் முதலில் போய், சிவப்புக் கொடி இருக்கிறதா என்று பார்த்து, லைஃப்கார்டிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு வருவார். பிறகு கதவருகே நின்று...

"கெணத்துல நீச்சல் பழகுனவங்கெல்லாம் கையத் தூக்குங்க."

பாதி வேன் கை தூக்கும். நானும்தான். மதுக்கரைப் பக்கம் தோட்டத்துக் கிணற்றில் குதித்து வளர்ந்தவன் ஆச்சே.

"நீங்கெல்லாம் முட்டிக்கு மேல போகக்கூடாதுங்க. நீச்சல் தெரியாதவங்களப் பத்தி எனக்குக் கவல இல்லீங்க, அவங்களே பயந்துக்குவாங்க."

கடலில் இழுத்துப் போகும் பனானா போட் சவாரிக்கு டிக்கெட் எடுத்தால் பின்னாலேயே வருவார். ஒவ்வொருவர் லைஃப் ஜாக்கெட்டையும் தோளில் பிடித்து மேலே இழுப்பார். காது வரைக்கும் வந்தால் திரும்ப மாட்டச் சொல்வார். மேனேஜர் மேடத்திடம் மட்டும், "ஏனுங்க மேடம், நீங்களே ஒருக்கா இழுத்துப் பாத்துருங்க."

ஒரு வருஷம் அவர் பேச்சை நான் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் அலையே இல்லாத இடமாகப் பார்த்து இறங்கினேன். கிணறு மாதிரி அமைதியாக இருந்தது. அதுதான் தண்ணீர் உள்ளே இழுக்கிற இடம் என்று எனக்குத் தெரியாது.

கரையைப் பார்த்து நீந்த நீந்த, கரை தள்ளித் தள்ளிப் போனது. கிணற்றில் நாலு வீச்சு போட்டால் படி கையில் கிடைக்கும். இங்கே பிடிக்க ஒன்றுமில்லை. கை ஓய்ந்துவிட்டது. செத்தேன் என்றே நினைத்தேன்.

கரையில் பாய், பச்சைத் துண்டை ஒரே பக்கமாக வீசிக்கொண்டு ஓடினார். அவருக்கு நீச்சல் தெரியாது.

"நேரா வராதீங்க தம்பி... பக்கவாட்டுல போங்க, பக்கவாட்டுல..."

துண்டு போன பக்கம் போனேன். கொஞ்ச தூரத்தில் இழுப்பு விட்டது. அலையே என்னைத் தள்ளிக் கரையில் போட்டது. லைஃப்கார்ட் ஓடி வருவதற்குள் நான் மணலில் கிடந்தேன்.

திரும்பும்போது வேனில் என்ன சொன்னேன் தெரியுமா?

"நானே நீந்தி வந்துட்டேன். பாய் கரையில நின்னு துண்டு ஆட்டிட்டு இருந்தாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவரும் சிரித்தார்.

அப்புறம் எல்லா டூரிலும் அதே கதை, அதே சிரிப்பு. ஒரு தடவைகூட அவர் மறுத்துப் பேசியதில்லை. எனக்கும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

இன்று அவருடைய மூத்த மகன் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கே நரைத்துவிட்டது.

"சாவக்காட்டுல தனியா நீந்தி வந்தவர் நீங்கதானுங்களா? அத்தா ஊட்டுல அடிக்கடி சொல்லுவாருங்க. அப்படி ஒரு நீச்சல்காரர நான் பாத்ததே இல்லைன்னு."

தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அங்கேயும் சொல்லவில்லை.

பாய்... நான் நீந்தி வரலீங்க. நீங்க துண்டு காட்டுன பக்கம் வந்தேன்.

போய் வாங்க.