நிலத்தில் குத்தாத பந்து

இந்த நாட்டில் பந்து நிலத்தில் குத்துவதில்லை. கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்து இத்தனை வருடமாகியும் மகளின் பேஸ்போல் ஆட்டத்தைப் பார்க்கும்போது என் கண் முதலில் மண்ணைத்தான் தேடுகிறது. எறிகிறவளின் கையை விட்டுப் புறப்பட்ட பந்து வெறுங்காற்றிலேயே வளைந்து, அடிக்க நிற்பவளை ஏமாற்றிவிட்டுப் போய்விடும். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில், வீட்டு வேலிகளுக்கு நடுவே ஆடிய கிரிக்கெட்டில் பந்தைத் திருப்பியது கல்லும் குழியும்தான். குத்தும் இடத்தைப் பார், பொறுத்திரு, பிறகு அடி. நான் கற்ற வித்தை அவ்வளவுதான்.

அதைத்தான் பதின்மூன்று வயது மகள் ஆரணிக்கும் சொல்லிக்கொடுத்தேன். வேலை முடிந்து வந்த கையோடு, ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் எங்கள் வீட்டின் பின்புறப் புல்லில் பந்து போடுவேன். மட்டை நேராக வரவேண்டும், அடித்தால் மட்டையோடு ஓடவேண்டும். ஒருநாள் அவளுடைய கோச், யார் பழக்குவது என்று கேட்டார். நெஞ்சை நிமிர்த்தி, நான்தான் என்றேன். "இன்ட்ரஸ்டிங்" என்று சிரித்தார். பாராட்டு என்று நினைத்து இன்னும் கூடப் பழக்கினேன். நிறுத்துங்கள் என்பதை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள் என்று ஆரணி பிறகு விளக்கினாள்.

அதற்குள் நிலைமை மோசமாகிவிட்டது. வளைகிற பந்து ஒன்றையும் அவளால் தொட முடியவில்லை. கடைசி ஆட்டத்திலாவது அடிக்காவிட்டால் அடுத்த பருவம் அணியில் இடமில்லை என்று கோச் இம்முறை சிரிக்காமல் சொன்னார். ஆட்டத்துக்குப் போகும்போது காரில் அவள் ஒரு பந்தைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நான் இனி நிலத்தைப் பார்க்க மாட்டன். இந்தச் சிவப்புத் தையலைத்தான் பார்க்கப்போறன். வளையிற பந்தெண்டா, சுத்தேக்க ஒரு சின்னச் சிவப்புப் பொட்டுத் தெரியும்."

"அவ்வளவு வேகமா வாற பந்திலயோ? கண்ணை மூடித் திறக்க முதல் போயிடுமே."

"ஓம். அதுக்குள்ளதான் பார்க்கோணும்."

நான் நம்பவில்லை. அவளுடைய முறை வந்தபோது இரண்டு பந்துகளுக்குக் காற்றை அடித்தாள். மூன்றாவதும் தவறினால் ஆட்டமிழந்துவிடுவாள், எல்லாம் முடிந்தது. அடுத்த பந்து அவளுடைய உடம்புக்கு நேரே வந்தது. விலகாமல் நின்றாள். அது வளைந்து வெளியே இறங்கும்போது அவளுடைய இடுப்பு முதலில் திரும்பியது, மட்டை அதைத் தொடர்ந்து வந்தது. பந்து எல்லோருடைய தலைக்கும் மேலால் பறந்து தூரப் புல்லில் விழுந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் பெற்ற பிள்ளையின் கண்ணுக்கு, எனக்கு ஒருநாளும் தெரியப்போகாத ஒரு பொட்டு தெரிந்திருக்கிறது.

மட்டையைப் போடு, மட்டையைப் போடு என்று கோச் கத்தினார். இங்கே அடித்ததும் மட்டையை அங்கேயே போட்டுவிட்டு ஓடவேண்டும். ஆரணி மட்டையோடு ஓடினாள். ஓடிச் சேரவேண்டிய முதல் பேஸ் கிட்டியதும், கிரிக்கெட்டில் கோட்டைத் தொடுவதுபோல, மட்டையை நீட்டி அந்த வெள்ளைச் சதுரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றுவிட்டாள். இந்த ஆட்டத்தில் மட்டை தொட்டால் செல்லாது, கால் தொடவேண்டும். பந்து திரும்பி வந்துகொண்டிருந்தது.

"காலை வை, பிள்ளை" என்று கத்தினேன்.

வைத்தாள். ஆட்டமிழக்கவில்லை என்று நடுவர் இரண்டு கைகளையும் விரித்தார். அவளுக்கு அணியில் இடம் உறுதியாகிவிட்டது. ஒரு காலைப் பேஸில் ஊன்றி, என்னுடைய பழக்கத்தை இன்னும் கையில் பிடித்தபடி, கூட்டத்துக்குள் என்னைத் தேடினாள் என் மகள்.