உத்திரமேரூர்க் கிணற்றில் ஆதிக்கடலைத் தேடி

அறுபத்திரண்டாம் வருஷம், சித்திரை மாதம். புத்தியுள்ளவர்கள் வெயிலில் தலை காட்டாத நாட்களில் நான் உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு கிணற்றைப் பார்க்கப் போனேன். காரணம் முனுசாமி. அப்போது நான் சென்னையில் ஒரு கல்லூரியில் ரசாயனம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் எங்கள் ஆய்வுக்கூட அட்டெண்டர். "எங்க அக்கா கெணத்த ஆழம் பண்றாங்க சார். பாறையில செடியாட்டம், பூச்சியாட்டம் கருப்பா இன்னாவோ படிஞ்சிக்கினு கீது" என்றார். எனக்குத் தூக்கம் போயிற்று.

அந்த நாளில் எனக்கு ஒரு பித்து. ஆதிக்கடலில் பிராணவாயு மிகக் குறைவு. இரும்பும் மாங்கனீசும் அதில் கரைந்து கிடந்தன. பிராணவாயு பெருகியதும் அவை துருவாகி அடியில் படிந்தன. அதற்கப்புறம்தான் பிராணிகள் தலையெடுத்தன. இதைக் கேட்க ஆள் கிடைக்காமல் பஸ் கண்டக்டரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் கிணற்றுப் பாறையில் ஆதிப்பூச்சியின் பதிவு இருக்கலாம் என்றால் விடுவேனா? கல்லூரி முத்திரை குத்திய தாளில், "நான் வந்து பார்க்கும்வரை யாரும் அந்தக் கல்லைத் தொடக் கூடாது" என்று அவர் அக்காவுக்கு அன்றே எழுதிப் போட்டேன். பிறகு பரீட்சை வேலை வந்து, கிளம்பப் பதினோரு நாள் ஆயிற்று.

எழும்பூரில் காலை ஆறேகாலுக்கு ரயில். செங்கல்பட்டு முப்பத்தைந்து மைல். அங்கிருந்து உத்திரமேரூர் பஸ், சுமார் பதினெட்டு மைல், எண்பது நயா பைசா. (இன்றைய கட்டணத்தை நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள்.) டிரைவர் பக்கத்து இருக்கைக்கு ஆசைப்பட்டு இன்ஜின் சூட்டில் வெந்தேன். பத்து மணிக்கு இறங்கினால், பெரிய ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அங்கிருந்து மூன்று மைல் மாட்டுவண்டி, ஒரு ரூபாய்.

வண்டிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "லெட்டர் போட்ட சாரு நீங்கதானா? ஊரே உங்களப் பத்திதான் பேசிக்கினு கீது."

எனக்குப் புல்லரித்தது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

என்ன பேச்சென்பது கிணற்றடியில் தெரிந்தது. முனுசாமியின் அக்கா கண்ணியம்மா இடுப்பில் கைவைத்து நின்றார். "முத்திரை போட்ட லெட்டரு. மீறினா ஜெயில்னு சொன்னாங்க. பத்து நாளா வேல நிக்குது. தோ, என் நாத்தங்கால பாருங்க சார்!"

பார்த்தேன். சொர்ணவாரி என்னும் கோடைப் பட்டத்துக்கு விட்ட நெல் நாற்று, பாதி வைக்கோல் நிறம். மீதிப் பாதிக்குப் பக்கத்துக் கொல்லைக் கிணற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியிருக்கிறார். "இன்னும் ரெண்டு நாள் போனா இதுவும் பூடும். அப்புறம் நடவே கிடையாது" என்றார்.

கயிற்றைப் பிடித்து முப்பதடி இறங்கினேன். கிணறு வெட்டும் மேஸ்திரி ஏழுமலை கூடவே வந்தார். பாறை விரிசலில் கிளை கிளையாக அழகான கருப்புச் செடி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். விரலால் தேய்த்தேன், கருப்பு ஒட்டியது. பூச்சியும் இல்லை, புழுவும் இல்லை. மாங்கனீசுக் கறை! கசிந்த தண்ணீரில் கரைந்து வந்து, காற்றுப் பட்டதும் படிந்தது. ஆதிக்கடலில் நடந்த அதே சங்கதிதான்.

மானத்தைக் காப்பாற்ற, "இன்னும் ஆராய வேண்டும்" என்று சொல்லிவிடலாமா என ஒரு நொடி சபலம் தட்டியது. மேலே அந்த அம்மாள் நிற்பது நினைவுக்கு வந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மேஸ்திரி, இது உயிர்ப்பிராணி இல்லை. தண்ணீர் கசிந்த தடம். இந்த இடத்தில் வெட்டினால் ஊற்று கிடைக்கும்" என்று அறிவித்தேன்.

ஏழுமலை என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தெரியும் சார். கருப்பு ஓடினா அங்க தண்ணி கீதுன்னு அர்த்தம். அதுக்குதான் வெடி வெக்க அங்க குழி அடிச்சோம். அப்பதான் உங்க லெட்டரு வந்துச்சி."

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். ஏற்கெனவே பாதி தூரம் உள்ளேதான் இருந்தேன்.

இரண்டு மணிக்கு வெடி வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர். நானும் ஏற்றம் இறைக்கப் போய்ச் சேற்றில் விழுந்து, எல்லாரும் சிரித்தபின் ஓரமாக உட்கார வைக்கப்பட்டேன். கண்ணியம்மா வாய்க்காலைப் பச்சைப் பாதிக்கு மட்டும் திருப்பினார். காய்ந்த பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

"பேஜார் பண்ணிட்டீங்க சார்" என்றார். கோபமாக இல்லை, அலுப்பாக. எனக்கு அழுகை வந்தது.

அந்த வருஷம் அவர் பாதிக் கழனிதான் நட்டார் என்று முனுசாமி பிறகு சொன்னார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்: சித்திரையைத் தவிர்க்கவும். திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே கேட்டுக்கொள்ளவும். கல்லைப் பற்றி அந்த ஊர் மேஸ்திரியை முதலில் விசாரிக்கவும். முன்கூட்டிக் கடிதம் எழுதுவதானால், "நான் வரும்வரை" என்று எழுதாதீர்கள். நீங்கள் வரும்வரை அங்கே என்ன காயும் என்று கேட்டு எழுதுங்கள்.