வேர்நுனியில் ஒரு பாகப்பிரிவினை

அரியலூர்க் கல்லூரியில் தாவரவியல் படித்தபோது செய்முறைத் தேர்வில் ஒருமுறை தோற்றேன். வெங்காய வேர்நுனிக்குச் சாயமேற்றி, நசுக்கி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பிரிகிற செல் ஒன்றுகூட அகப்படவில்லை. "இந்தத் தடவையும் போச்சுன்னா வூட்டோட இரு" என்றார் அப்பா. அவர் சொன்னால் சொன்னதுதான்.

அடுத்த தேர்வுக்கு வேர்நுனியை நாங்களே கொண்டுபோக வேண்டும். டம்ளர் தண்ணீரில் அடி படும்படி சின்ன வெங்காயங்களை வைத்தேன். வெள்ளை வெளேரென்று வேர் இறங்கியது. செல்கள் மும்முரமாகப் பிரிகிற காலை வேளையில் நறுக்கி, செல்களை அந்த நிலையிலேயே நிறுத்திவைக்கும் மருந்துக் குப்பியில் போட வேண்டும். தேர்வுக்கு முதல்நாள் காலை குப்பியோடு போனால், டம்ளர் காலி.

"ஐயய்யோ! என்னம்மா பண்ணி வச்சிருக்க?"

"வேரு வுட்டா வெங்காயம் வீணாப் போயிடும்டி. நறுக்கிக் கொழம்புல போட்டுட்டேன்."

வருஷமெல்லாம் வெங்காயத்தின் வேரும் வாலும் நறுக்கிப் பழகிய கை. வேரெல்லாம் அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது. நான் கத்திய கத்தலில் கோழி கூரையேறியது. விஷயம் புரிந்ததும் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

நட்ட வெங்காயம் வேர்விட்டிருந்தது சித்தப்பா கொல்லையில் மட்டும்தான். பாகப்பிரிவினையில் கிணற்றுப் பக்கம் அவருக்குப் போயிற்று. நாங்கள் நடுவதற்கு மழைக்குக் காத்திருந்தோம். பாகம் பிரிந்த நாளிலிருந்து அம்மாவும் சித்தியும் முகம் பார்த்துப் பேசியதில்லை.

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன. வாடி" என்று அம்மா முன்னால் நடந்தாள்.

சித்தி பாத்தியில் நின்றாள். அம்மா கேட்டதற்கு என்னைப் பார்த்தே பதில் சொன்னாள்: "புள்ள படிப்புக்குத்தானே? உங்கம்மாவ வேணுங்கிறதப் புடுங்கிக்கச் சொல்லு." அங்கேயே மண் கழுவி, நுனி நறுக்கி, குப்பியில் போட்டேன்.

மறுநாள் தேர்வில் கண்ணாடித் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன். லென்ஸைத் திருப்பினேன். அடேயப்பா! ஒரு செல்லுக்குள் செக்கச்செவேலென்று குரோமோசோம்கள், ஒரு கூட்டம் அந்தக் கோடிக்கும் ஒரு கூட்டம் இந்தக் கோடிக்கும் போய்க்கொண்டிருந்தன. இழுக்கும் இழைகள் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் இடுப்பில் கயிறு கட்டி இழுத்ததுபோல வளைந்து, வால் பின்தங்கி நின்றது. முந்தின நாள் சித்தி கொல்லையில் மருந்தில் விழுந்ததும் பாதியில் நின்றுபோன வேலை அது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பரிசோதகர் குனிந்து பார்த்து, "நல்லா வந்திருக்கும்மா" என்றார்.

சாயங்காலம் பஸ் இறங்கியதும் அம்மாவிடம் கொட்டினேன். "பாஸாயிடுவேம்மா! அந்த வேருக்குள்ளயும் பாகப்பிரிவினைதான் நடக்குது. ஆனா பிரியறதுக்கு முன்னாடியே இருக்கிறது ஒவ்வொண்ணையும் ரெண்டாக்கிக்குது. அப்புறம் ஆளுக்கு ஒண்ணு."

"எந்தப் பெரிய மனுசன் ஒக்காந்து பிரிச்சான்?"

"யாருமில்ல. தானாவே."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "அப்ப கெணறு யாருக்கு?"

"ரெண்டு பேருக்கும், முழுசா."

மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"இத உங்க சித்திகிட்டயும் சொல்லணும். அவ வெங்காயந்தானே" என்று எழுந்தாள். "இரு, நானும் வரேன்."