அரைமில்லி செய்த வண்டி

அத்தான் வண்டியை விற்றுவிட்டார் என்ற செய்தி மூன்று வாய் மாறி என்னிடம் வந்தது. ஊரில் எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருப்பவர் தன் தங்கையிடம் சொல்ல, தங்கை இங்கே வெளிநாட்டில் என்னோடு வேலை பார்க்கும் தன் கணவரிடம் சொல்ல, அவர் காபி இயந்திரத்தின் முன்னால் கோப்பையோடு நின்றபடி என்னிடம் சொன்னார்.

"உங்க அத்தான் அந்தப் பச்சைக் காரை வித்துட்டாராம்ல? மெயின் ரோட்டுல கண்ணாடிக்குள்ள நிக்குதாம். ஜனங்க நின்னு போட்டோ எடுக்குறாங்களாம்."

நான் சிரித்தேன். வேறு ஏதாவது பச்சைக் காராக இருக்கும், அத்தான் தன் வலது கையை விற்றாலும் அந்த வண்டியை விற்கமாட்டார் என்றேன். சொன்னேனே தவிர, கோப்பையை நிரப்பாமலே என் இடத்துக்குத் திரும்பினேன். மூன்று வாரத்துக்கு முன்னால் நான் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். பஸ் டிப்போவில் ஃபிட்டர். இருபத்தெட்டு வருடமாகப் பஸ்களின் அடிவயிற்றைப் பார்த்தே வாழ்ந்தவர். ரோட்டில் எதிரே வரும் பஸ் எதுவென்று அவருக்குத் தெரியாது. அடியில் படுத்துப் பார்த்தால் நம்பரைச் சொல்லிவிடுவார். டிப்போவில் அவருக்கு அரைமில்லி என்று பெயர். எதை மாட்டினாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்து, "அரை மில்லி வெளிய நிக்குது" என்பார். "யோவ், பஸ் கதவே கையகலத்துக்கு ஆடிக்கிட்டிருக்கு, உனக்கு அரை மில்லி கேக்குதா?" என்று போர்மேன் கத்துவார். அத்தான் போல்ட்டைக் கழற்றி மறுபடி மாட்டுவார்.

ஒருநாள் பேரிங் ஒன்றைச் சுற்றி வந்த பழைய பத்திரிகைத் தாளில் அந்தப் படம் இருந்தது. அறுபது வருடத்துக்கு முந்தைய பந்தயக் கார். இரண்டே சீட்டு, மேலே கூரை கிடையாது, பானட் மட்டும் ஒரு கட்டில் நீளம். அக்காவின் இஸ்திரிப் பெட்டியால் அந்தத் தாளின் கசங்கலை எடுத்துவிட்டு என்னிடம் கொண்டுவந்து காட்டினார். நான் அப்போது வெளிநாடு கிளம்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன்.

"அசலை வாங்கணும்னா நாம ஏழு ஜென்மம் எடுக்கணும். ஆனா செய்யலாம் மச்சான்."

"எதை வச்சு அத்தான்?"

"உன் காரை வச்சுத்தான்."

என் கார் நாலு கதவு வைத்த கிழம். தரை துருப்பிடித்து ஓட்டை விழுந்து, பின் சீட்டில் உட்கார்ந்தால் காலடியில் ரோடு ஓடுவது தெரியும். ஆனால் இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் மூன்றும் கெட்டி. அவருக்கு வேண்டியதும் அவைதான். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"வண்டிப் பதிவுப் புத்தகத்தை மாத்தணுமே."

"என் பேர்ல இருந்தா என்ன, உங்க பேர்ல இருந்தா என்ன?"

"அதானே," என்று அவரும் சிரித்தார். இரண்டு பேருமே அதைப் பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டோம். உண்மையில் அது சோம்பேறித்தனம். ஏனென்றால் இந்த மாதிரி வண்டி செய்வதில் ஒரு சங்கதி உண்டு. தலைகீழாக நின்று புதிதாகச் செய்தாலும் தாளில் அது புது வண்டி ஆகாது. பழைய காரின் நம்பர் அடித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுச் சட்டத்தில் பதிக்கவேண்டும். போக்குவரத்து ஆபீஸைப் பொறுத்தவரை அது அதே பழைய கார்தான். "உரு மாற்றப்பட்டது" என்று ஒரு வரி கூடுதலாக விழும், அவ்வளவே. பழைய காரின் புத்தகம் யார் பெயரில் இருக்கிறதோ, புது வண்டியும் அவருடையது.

ஆறு வருடம் செய்தார். வீட்டுக்குப் பக்கவாட்டில் துணி காயப்போடும் இடத்தில் தகரம் போட்டுப் பட்டறை ஆக்கினார். இடம் போதாமல் சமையலறைச் சுவரில் ஒரு பகுதியை இடித்தார். "சக்களத்திகூட வாசல் வழியாத்தான் வருவா. இது சுவத்தை இடிச்சுட்டு வருது," என்று அக்கா என்னிடம் போனில் புலம்பினாள். அளவுக்கு அவரிடம் இருந்தது அந்த ஒரு தாள்தான். படத்தில் உள்ள டயரின் அளவு தெரியும். அதையே அளவுகோலாக வைத்துக் கதவு எத்தனை டயர், பானட் எத்தனை டயர் என்று மில்லிக் கணக்குக் காட்டும் வெர்னியரால் அளந்து எழுதினார். சதுரக் குழாயை வெட்டி வெல்டிங் வைத்துச் சட்டம் செய்தார். பானட் நீளமாக வரவேண்டும் என்று இன்ஜினைப் பின்னுக்குத் தள்ளினால், கியர் கம்பி சீட்டுக்குப் பின்னால் போய் நின்றது. "முதுகு சொறியற மாதிரி கையைப் பின்னாடி விட்டு கியர் போடுவீங்களோ?" என்று அக்கா கேட்டாள். அதை முன்னுக்குக் கொண்டுவர ஒரு இணைப்புக் கம்பி செய்யவே நாலு மாதம் ஆயிற்று.

உடம்பு முழுக்க ஃபைபர். மரச் சட்டமும் வலையும் பிளாஸ்டருமாக முதலில் ஒரு பொம்மை வண்டி செய்து, அதன்மேல் மோல்டு எடுத்து, மோல்டுக்குள் கண்ணாடி நார்ப் பாயை ரெசின் பசையில் ஊறவைத்து ஒட்டவேண்டும். அவருடைய வேலைச் சட்டையை அக்கா தெரியாமல் மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைத்துவிட்டாள். நார்த்தூள் எல்லாத் துணியிலும் ஏறி, ஒரு வாரம் வீடே சொறிந்துகொண்டிருந்தது. வந்த விருந்தாளிகூடச் சொறிந்துகொண்டே போனாராம். இடது பக்கக் கதவை மட்டும் மூன்று தடவை உடைத்துச் செய்தார். எதற்கென்று கேட்கவேண்டியதில்லை, அரை மில்லி.

வீடியோவில் கூப்பிட்டால் அவர் முகம் தெரியாது. ஏதாவது ஒரு வெல்டிங் தையல்தான் தெரியும். "பாரு, நூல் பிடிச்ச மாதிரி இல்ல?" என்று குரல் மட்டும் வரும். நான் இங்கிருந்து முன்கண்ணாடிக்கு ரப்பரும், வட்ட மீட்டர்கள் ஆறும் வாங்கி அனுப்பினேன். அவ்வளவுதான் என் பங்கு.

முதல் ஓட்டத்துக்கு அக்காவை உட்காரவைத்தார். முன்கண்ணாடி இன்னும் மாட்டவில்லை. தெருமுனை வரை போய்த் திரும்பியதை யாரோ எடுத்து அனுப்பினார்கள். அக்கா ஒரு கையால் தலைமுடியையும் இன்னொரு கையால் அத்தானின் சட்டையையும் பிடித்துக்கொண்டு, "மெதுவா... ஐயோ, மெதுவாங்க!" என்று கத்துகிறாள். அத்தான் சிரிக்கிறார். அவருக்கு மேல்பல் ஒன்று இல்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அத்தனை வருடம் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்த வீடியோவைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். பதினோராவது தடவை வேறொன்று தோன்றியது. வண்டி என் பெயரில் அல்லவா இருக்கிறது? வருடா வருடம் இங்கே தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும்போது ஒரு கேள்வி கேட்பார்கள்: வேறு எந்த நாட்டிலாவது உங்கள் மேல் வழக்கு உண்டா? வீட்டில் செய்த வண்டி. பிரேக் பிடிக்காமல் யார்மேலாவது மோதினால்? அந்த எண்ணம் வந்தபிறகு அந்த வீடியோவை என்னால் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தம்பி கூப்பிட்டான். எங்கள் மூவரில் கடைசி. மெயின் ரோட்டில் பழைய கார் வாங்கி விற்கும் ஷோரூம் வைத்திருக்கிறான். ஆபீஸ் மேசைக்கு அந்தப் பக்கம் ஆள் உட்கார்ந்திருந்தாலே அத்தானுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் போக்குவரத்து ஆபீஸ் ஆய்வுக்கு வண்டியைக் கொண்டுபோகும் வேலையைத் தம்பியிடம் கொடுத்து, சாவியையும் கொடுத்திருந்தார்.

"அண்ணே, புத்தகத்தை அத்தான் பேருக்கு மாத்தணும். நாலு பக்கம் அனுப்பியிருக்கேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு."

மதிய இடைவேளையில் படித்தேன். ஆபீஸ் மொழி. அத்தானுக்குப் படிக்க வராது. எனக்கு அது பள்ளியில் படித்த இரண்டாவது மொழி. ஒரு மொழியில் வரும் கடிதங்களை இன்னொரு மொழியில் எழுதுவதுதான் இங்கே எனக்குச் சம்பளம் தரும் வேலை. தெரியாமல் போட்டேன் என்று சொல்ல வழியே இல்லை.

"டேய், மூணாம் பக்கத்துல இந்த வண்டியை நானே என் கையால மாத்திச் செஞ்சேன்னு இருக்கே?"

"ஓனர்தான் செஞ்சிருக்கணும்னு ரூல். வேற ஆளு செஞ்சா பட்டறை லைசென்ஸ் எங்கன்னு கேப்பான். அத்தான்கிட்ட ஏது?"

"நாலாம் பக்கத்துல வாங்குறவர் பேர் காலியா இருக்கே?"

"என் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும்ணே. அங்கேயே டைப் அடிச்சுக்கறேன்."

"அத்தானுக்குத் தெரியுமா இதெல்லாம்?"

"அவருக்கு ஆபீஸ்னாலே காய்ச்சல் வருமே. நீ போடு, நான் பாத்துக்கறேன்."

அத்தானுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். ஒரு நிமிட வேலை. போடவில்லை. போட்டால் அவர் "இரு மச்சான், யோசிப்போம்" என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். என் பெயர் அந்தப் புத்தகத்திலிருந்து போனால் போதும் என்றிருந்தது. நாலு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

காபிக் கோப்பைக்காரர் சொன்ன அன்றே தம்பியைக் கூப்பிட்டேன். அவன் மறைக்கவில்லை. நாலாம் பக்கத்தில் ஷோரூமின் பெயரை அடித்திருக்கிறான்.

"கோச்சுக்காதண்ணே. இப்படி ஒரு வண்டி வாசல்ல நின்னா கடைக்கே ஒரு களை. அத்தானுக்கு என்ன, இன்னொண்ணு செஞ்சுக்குவாரு. கைதான் அவர்கிட்டயே இருக்கே."

அவனிடம் என்னவெல்லாம் கத்தினேன் என்று இப்போது நினைவில்லை. பிறகு அக்காவைக் கூப்பிட்டேன். எப்போதும் "சாப்பிட்டியா" என்று தொடங்குகிறவள், அன்று கேட்கவில்லை.

"ஆய்வு முடிஞ்சுதான்னு கேக்கத்தான்டா போனாரு. ஷிஃப்ட் முடிஞ்சு அப்படியே டிப்போ சட்டையோட. கண்ணாடிக்குள்ள வண்டி நிக்குது. உள்ள போய்க் கதவைத் தொட்டிருக்காரு. அங்க வேலை செய்யறவன், சார் கை வைக்காதீங்க, கறை படும்னு சொல்லியிருக்கான்."

"அத்தான் என்ன சொன்னார்?"

"என்ன சொல்வாரு? கையை எடுத்துட்டாரு. பக்கத்துல ஒரு பலகை வச்சிருக்கான் உன் தம்பி. அதுல உன் போட்டோ. டை கட்டிக்கிட்டு நிக்கறியே, அந்த போட்டோ. என்ன எழுதியிருக்குன்னு கேட்டிருக்காரு. வெளிநாட்டுல இருக்கற இன்ஜினியர் ஒருத்தர் ஒவ்வொரு லீவுக்கும் வந்து ஆறு வருஷமா தன் கையாலயே செஞ்சதுன்னு அந்த வேலைக்காரன் படிச்சுக் காட்டினானாம்."

நான் இன்ஜினியரே அல்ல. என் கையால் நான் செய்தது ஒரே ஒரு புத்தக அலமாரி. அதுவும் சுவரில் சாய்ந்துதான் நிற்கிறது.

"தம்பி தப்புப் பண்ணிட்டான்க்கா..."

"அவனை விடு. அவன் அப்படித்தான்னு இவருக்கும் தெரியும். போய் அவன் மேசை முன்னாடி நின்னு, யாருடா செஞ்சதுன்னு கேட்டிருக்காரு. அவன் மூணாம் பக்கத்தை எடுத்து நீட்டியிருக்கான். எழுத்து இவருக்குப் படிக்க வராட்டி என்ன? நீ அனுப்பின பார்சல் ஒவ்வொண்ணுலயும் உன் கையெழுத்தைப் பார்த்தவராச்சே."

"திட்டினாரா?"

"திட்டினா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். வந்தாரு, குளிச்சாரு, சாப்பிட்டாரு. பட்டறையிலிருந்து சாமானெல்லாம் ஒண்ணொண்ணா வெளிய எடுத்து வைக்கறாரு, துணி காயப்போட கயிறு கட்டிக்கோங்கறாரு. யாருக்குடா வேணும் அந்தக் கயிறு?" பிறகு அவளே தொடர்ந்தாள். "ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாரு. அவன் படிச்சுட்டாப் போட்டான்னு."

"நீ என்ன சொன்ன?"

"எனக்கென்னடா தெரியும்? நீயே அவருக்குப் போன் பண்ணு. படிக்கலை அத்தான், அவசரத்துல போட்டுட்டேன்னு சொல்லு. அது போதும் அவருக்கு. அதைப் பிடிச்சுக்கிட்டு மன்னிச்சுடுவாரு. வண்டி போனாப் போகுது, நீ படிச்சுட்டுப் போட்டேன்னு மட்டும் அவருக்குத் தெரியக் கூடாது." குரலைத் தாழ்த்தினாள். "படிக்கலைதானே?"

அத்தான் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவார் என்று கேட்டேன். அவள் நேரத்தை மட்டும் சொன்னாள். போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் மதியம் ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து அத்தானின் நம்பரை அழுத்தினேன். அங்கே அவர் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்திருக்கும் நேரம். பொய் சொன்னால் அவர் என்னை மன்னித்துவிடுவார். அந்த மன்னிப்பு மூன்றாம் பக்கத்தைப் படிக்காத ஒருவனுக்குப் போகும். நான் அவன் இல்லை. உண்மையைச் சொன்னால், அவருடைய ஆறு வருட உழைப்பை வேறொருவன் பெயருக்குக் கொடுத்தது தம்பி மட்டும் அல்ல, தெரிந்தே நானும்தான் என்றாகிவிடும்.

முதல் தடவை மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினேன். மேலே இருந்து இரண்டு பேர் பேசிக்கொண்டே இறங்கி வந்தார்கள். சுவரோடு ஒதுங்கி வழிவிட்டேன். அவர்கள் போய்விட்டார்கள். போன் என் காதில் இருக்கிறது. அங்கே மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.