ஸ்டெல்லா அக்காவின் ஜெபக் குறிப்பு

நான் யாரைப் பற்றியும் புறணி பேசியதில்லை. "இவருக்காக ஜெபியுங்கள்" என்று ஜெபக் குறிப்பாகத்தான் சொல்வேன். அப்படித்தான் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

பட்டாபிராமில் ஸ்டெல்லா அக்காவும் நானும் ஒரே தெரு, ஒரே சபை. குடியால் தன் கணவருக்கு வேலை போய்விட்டதை அக்கா என்னிடம் மட்டும் சொல்லி அழுதார். வெள்ளிக்கிழமை பெண்கள் கூட்டத்தில், "யாருக்காச்சும் ஜெபக் குறிப்பு இருக்கா?" என்று கேட்டதும் எழுந்து, பெயரோடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அத்தனை பேரும் கண்ணை மூடி ஜெபித்தோம். ஞாயிற்றுக்கிழமைக்குள் தெருவே அதைப் பேசியது. அக்கா ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

"அவங்களுக்காகத்தானே ஜெபிச்சேன்" என்று இரண்டு வருடம் சாதித்தேன். ஒருநாள் ஆலயத்தில் திருவிருந்துக்கு முழங்காலிட்டிருந்தபோது, அப்பத்தை வாங்கக் கை நீளவில்லை. எழுந்து நேராக அக்கா வீட்டுக்கு நடந்தேன்.

"அக்கா, உங்க கஷ்டத்த முதல்ல சொல்ற பெருமைக்குத்தான் வாயத் திறந்தேன். மன்னிச்சிடுங்க."

அக்கா கதவை முழுதாகத் திறந்தார்.

"உன்ன மன்னிக்கச் சொல்லி இயேசப்பா தெனம் கேக்குறாரு. நான்தான் முடியாதுன்னு அவராண்ட சண்ட போட்டுகினு கீறேன். உள்ள வா."

கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்தார். "எனக்கு ஒரு ஜெபக் குறிப்பு கீது. உன்னாண்ட மட்டும்தான் சொல்றேன்."

தினமும் ஜெபித்தேன். கர்த்தர் பதில் தந்தார். போன ஞாயிறு அக்கா என் பக்கத்தில் நின்று, கூரை அதிரப் பாடினார். என்ன விசேஷம் என்று எல்லாரும் என்னைத்தான் கேட்டார்கள்.

அவர்களுக்கும் சொல்லவில்லை. உங்களுக்கும் சொல்லமாட்டேன்.